பழங்காசுக்கு எக்ஸெல் போதுமா, சாப்ட்வேர் வேணுமா?

தாராபுரம், உடுமலை, காங்கேயம் பக்கம் பழைய வீடு இருக்கறவங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பீரோ மேல் தட்டுல, இல்லைன்னா சாமி ரூம்ல, ஒரு பிஸ்கட் டப்பாவோ சுருக்குப் பையோ கண்டிப்பா இருக்கும். உள்ளே ஓட்டைக் காலணா, விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், 20 பைசா தாமரை, எந்த நாட்டுதுன்னே தெரியாத ரெண்டு மூணு காசு. தீபாவளிக்கு ஒரு தடவை வெளியே வரும், எல்லாரும் கையில எடுத்துப் பார்ப்பாங்க, திரும்ப உள்ளே போயிடும்.

"கம்ப்யூட்டர் படிக்கிறியே, இதை எல்லாம் ஒரு லிஸ்ட் போட்டுக் குடேன்"னு வீட்டுல கேட்டா நம்ம கை முதல்ல போறது எக்ஸெல்லுக்குத்தான். கொஞ்சம் ஆர்வம் இருக்கறவங்க "நானே ஒரு ஆப் எழுதிடறேன்"னு கிளம்புவாங்க. இன்னும் சிலர் காசு சேகரிக்கறவங்களுக்குன்னே இருக்கற சாப்ட்வேரைத் தேடுவாங்க. எது சரி? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான். காசு சேர்க்கற பழக்கம் இல்லாதவங்களும் படிக்கலாம். இது அடிப்படையில ஒரு டேட்டாபேஸ் கேள்வி. செமஸ்டர்ல படிச்ச நார்மலைசேஷன் எல்லாம் எதுக்குன்னு இங்கே நல்லாவே புரியும்.

லிஸ்ட் இல்லைன்னா என்ன ஆகும்?

நம்ம கொங்கு மண்டலம் உலக நாணய வரலாற்றுல பெரிய பேர். ரோமாபுரியோட வெள்ளிக் காசுகள் இந்தியாவுல அதிகமா கிடைச்ச பகுதிகள்ல இது ஒண்ணு. கோயம்புத்தூர் பக்கத்துல வெள்ளலூர்ல 1842ல 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசு ஒரே புதையலா கிடைச்சது. உடுமலைப்பேட்டை பக்கம் பூதிநத்தத்துல 1946ல ஆயிரத்துக்கும் மேல் கிடைச்சது. நம்ம அமராவதி ஆறு தாராபுரத்தைத் தாண்டி கரூருக்குப் போகுது இல்லையா, அந்த கரூர் ஆத்து மணல்ல இருந்து ரோமானியக் காசும் சேரர் காசும் நிறைய வந்திருக்கு. மாக்கோதை, கொல்லிப்பொறைன்னு தமிழ் பிராமி எழுத்துல பேர் பொறிச்ச காசுகளை நாம இன்னைக்குப் பேசறோம்னா, தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி மாதிரி ஆட்கள் அதை ஒவ்வொண்ணா படிச்சு, எடை போட்டு, படம் எடுத்து, புத்தகமா பதிஞ்சு வெச்சதுதான் காரணம்.

பதியாம விட்டதுக்கு என்ன ஆச்சு? பழைய புதையல்கள்ல பலது, கண்டெடுத்த உடனே பங்கு பிரிஞ்சு, பட்டறைக்குப் போய் உருகிடுச்சு. மீதி இருக்கற ஒத்தைக் காசுகளுக்கு எங்கே கிடைச்சது, கூட என்ன கிடைச்சதுன்னு சொல்ல ஆள் இல்லை.

இதுக்கு நேர் எதிரான உதாரணம் புதுக்கோட்டைப் புதையல். கருக்காக்குறிச்சியில 1898ல 501 ரோமானியத் தங்கக் காசு கிடைச்சது. பிரிட்டிஷ் மியூசியத்து ஜார்ஜ் ஹில் அதே வருஷம் அதைப் பத்தி விரிவா ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலான காசுகள்ல பேரரசர் முகத்துக்கு நடுவுல உளியால வெட்டின கோடு இருந்ததையும் பதிவு பண்ணார். எதுக்கு வெட்டினாங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பேசிட்டு இருக்காங்க. அந்தக் கோடு ஒரு "சேதம்"தானேன்னு யாராவது லிஸ்ட்ல விட்டிருந்தா அந்தக் கேள்வியே இருந்திருக்காது.

நம்ம வீட்டு டப்பா அவ்வளவு பெரிய விஷயம் இல்லைதான். ஆனா நடக்கறது அதேதான். தாராபுரத்துல எங்க பெரியப்பா நூல் வியாபாரத்துல இருந்தவர். 40 வருஷமா சேர்த்த 640 காசு அவர்கிட்ட இருக்கு. ஒவ்வொண்ணும் யார் குடுத்தது, எந்தச் சந்தையில வாங்கினதுன்னு அவருக்கு மனசுல இருக்கு, பேப்பர்ல இல்லை. போன வருஷம் வெள்ளி விலை ஏறினப்போ வீட்டுல பேச்சு வந்துச்சு: "சும்மா பூட்டி வெச்சு என்ன பண்றது, எடைக்குப் போட்டுடலாமே." வெள்ளி ரூபாய் எல்லாம் எடைக்குப் போற மாதிரிதான் இருந்தது. லிஸ்ட் இல்லாத சேகரிப்பு வீட்டுல மத்தவங்க கண்ணுக்கு வெறும் உலோகம். அதனாலதான் இந்த வேலையை நான் கையில எடுத்தேன்.

முதல்ல ஒரு அடிப்படை: ஸ்டைல் வேற, பீஸ் வேற

எக்ஸெல்லா சாப்ட்வேரான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் புரிஞ்சுக்கணும்.

திருப்பூர்ல பனியன் கம்பெனி பார்த்தவங்களுக்கு இது ஈஸி. ஒரு ஸ்டைல் நம்பர் இருக்கும். அதுக்குத் துணி என்ன, ஜிஎஸ்எம் எவ்வளவு, கழுத்து எப்படின்னு ஸ்டைல் ஷீட்ல ஒரு தடவைதான் எழுதுவாங்க. அந்த ஸ்டைல்ல 5,000 பீஸ் தைச்சாலும் ஒவ்வொரு பீஸுக்கும் "துணி: காட்டன், ஜிஎஸ்எம்: 180"ன்னு திரும்ப எழுத மாட்டாங்க. பீஸ் அளவுல எழுதறது சைஸ், கலர், டேமேஜ் இருக்கா, எந்தப் பெட்டிக்குப் போச்சுங்கறது மட்டும்தான்.

காசும் அப்படித்தான். "விக்டோரியா ராணி 1 ரூபாய், 1862, வெள்ளி, 11.66 கிராம்" என்பது ஸ்டைல். நாணயவியல்ல இதை வகைன்னு சொல்லலாம். உங்க டப்பாவுல இருக்கற அந்த ஒரு காசு, விளிம்புல சின்ன வெட்டோட, 11.48 கிராம் எடையோட, பாட்டி சீதனமா கொண்டு வந்தது, அதுதான் பீஸ். வகையைப் பத்தின தகவலை எந்தப் புத்தகத்துலயும், எந்த வெப்சைட்லயும் எடுத்துக்கலாம். பீஸைப் பத்தின தகவல் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. அது தொலைஞ்சா யார்கிட்டயும் கேட்க முடியாது.

டிபிஎம்எஸ் பாஷையில சொன்னா ரெண்டு டேபிள், நடுவுல ஒரு ஃபாரின் கீ. எக்ஸெல் vs சாப்ட்வேர் சண்டை முழுக்க, இந்த ரெண்டு டேபிளை யார் ஒழுங்கா பிரிச்சு வெக்கறாங்க என்பதுல வந்து நிக்குது.

எக்ஸெல் எங்கே ஜெயிக்குது

முதல் விஷயம், யாருக்கும் சொல்லிக் குடுக்க வேண்டாம். திருப்பூர்ல மெர்ச்சண்டைசர்ல இருந்து கணக்குப் பிள்ளை வரைக்கும் எல்லாருக்கும் ஷீட் தெரியும். பெரியப்பா பையனே மொபைல்ல கூகுள் ஷீட்ஸ் திறந்து திருத்திடுவான். புது சாப்ட்வேர் போட்டுக் குடுத்தா, நாம ஹாஸ்டலுக்குத் திரும்பின மறுநாளே அது அனாதை.

ரெண்டாவது, காலம் நம்ம இஷ்டம். எந்த வெளிநாட்டு சாப்ட்வேர்லயும் "ஊர்ல இதுக்கு என்ன பேர்"னு ஒரு கட்டம் ரெடியா இருக்காது. ஆனா நமக்கு வேணும். 1943ல இருந்து 1947 வரைக்கும் வந்த நடுவுல ஓட்டை போட்ட காசை வெளிநாட்டு கேட்டலாக் "1 பைஸ்"னு சொல்லும். நம்ம ஊர்ல அது ஓட்டைக் காலணா. தம்பிடி, காலணா, அரையணான்னு தேடற ஆளுக்கு "பைஸ்"னு தேடத் தோணாது.

மூணாவது, வெளியே வர்றது சுலபம். சிஎஸ்வியா சேமிச்சா இருபது வருஷம் கழிச்சும் ஏதாவது ஒண்ணுல திறக்கலாம்.

எக்ஸெல் எங்கே சத்தமில்லாம கவுக்குது

சத்தமில்லாமங்கறதுதான் முக்கியம். எரர் எதுவும் வராது, டேட்டா மட்டும் மாறியிருக்கும்.

காலணாவை "1/4"ன்னு ஒரு செல்லுல டைப் பண்ணிப் பாருங்க. ஏப்ரல் 1ஆ மாறிடும். தம்பிடிக்கு 1/12 போட்டா டிசம்பர் 1. கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்ல இருந்தா ஜனவரி 4, ஜனவரி 12. பிரிட்டிஷ் இந்தியக் காசு சேகரிக்கறவங்களுக்கு முதல் நாளே விழற அடி இது. சிரிக்க வேண்டாம், பெரிய ஆட்களும் இதுல மாட்டியிருக்காங்க. மரபணுக்கள்ல சிலதுக்கு செப்டம்பர், மார்ச் மாசம் மாதிரி சுருக்கப் பேர் இருந்தது. எக்ஸெல் அதைத் தேதியா மாத்திட்டே இருந்ததால, 2020ல மரபணுக்களுக்குப் பேர் வைக்கிற சர்வதேசக் குழு அந்தப் பேரையே மாத்திட்டாங்க. தீர்வு ரொம்ப ஈஸி: டைப் பண்றதுக்கு முன்னாடியே அந்தக் காலத்தை டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாத்துங்க. டைப் பண்ணின பிறகு மாத்தினா 1/4 திரும்பி வராது, ஏதோ ஒரு அஞ்சு இலக்க எண் வரும்.

"007"ன்னு காசுக்கு நம்பர் போட்டா "7" ஆகிடும். இதுக்கும் டெக்ஸ்ட்தான் மருந்து. இல்லைன்னா "கா-007"ன்னு முன்னாடி ஒரு எழுத்து சேர்த்துடுங்க.

1900க்கு முந்தின தேதியை எக்ஸெல் தேதியாவே எடுத்துக்காது. வருஷத்தை மட்டும் எண்ணா போடறதுல பிரச்சினை இல்லை.

அடுத்தது சார்ட். ஒரே ஒரு காலத்தை மட்டும் செலக்ட் பண்ணி சார்ட் போட்டா, வருஷம் எல்லாம் வரிசையா வந்துடும், மத்த காலம் அப்படியே நிக்கும். 1835 ரூபாய் பக்கத்துல 1957 நயா பைசாவோட எடை. 640 வரியில எது தப்புன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். எக்ஸெல் ஒரு எச்சரிக்கை கேட்கும்தான், நாம படிக்காம ஓகே குடுப்போம். ஷீட்டை டேபிளா மாத்தி வெச்சுட்டா இந்த ஆபத்து போயிடும்.

தரம் எழுதற விஷயமும் இருக்கு. ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், அன்சர்குலேட்டட்னு காசோட தேய்மானத்தைப் பிரிப்பாங்க. அகர வரிசையில சார்ட் பண்ணா தர வரிசையில வராது. அதோட ஒரு இடத்துல "விஎஃப்", இன்னொரு இடத்துல "வெரி ஃபைன்", மூணாவது இடத்துல "நல்லா இருக்கு"ன்னு எழுதி வெச்சா ஃபில்டர் போட்டும் பிரயோஜனம் இல்லை. டேட்டா வேலிடேஷன்ல ஒரு டிராப்டவுன் வெச்சு, வேற எதையும் ஏத்துக்காதன்னு சொல்லிடணும்.

வரி அதிகமானா தாங்குமான்னு கேட்கறீங்களா? இப்போதைய எக்ஸெல் 10,48,576 வரி தாங்கும், உங்க டப்பாவுக்குப் போதும். ஆனா பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்டுக்கு எல்லை 65,536 வரிதான். 2020ல இங்கிலாந்து சுகாதாரத் துறை அந்தப் பழைய ஃபார்மட்டைப் பயன்படுத்தினதால, கிட்டத்தட்ட 16,000 கொரோனா கேஸ் லிஸ்ட்ல இருந்து சத்தமில்லாம விடுபட்டுப் போச்சு. வரி எண்ணிக்கை நமக்குப் பிரச்சினை இல்லைன்னாலும், ஃபைல் ஃபார்மட் என்னன்னு பார்த்து சேமிக்கற பழக்கம் எல்லாருக்கும் வேணும்.

கடைசியா போட்டோ. ஒவ்வொரு காசுக்கும் முன்பக்கம், பின்பக்கம் ரெண்டு படம். 640 காசுக்கு 1,280 படம். அதை எல்லாம் ஷீட்டுக்குள்ள ஒட்டினா ஃபைல் நகரவே நகராது. போல்டர்ல தனியா வெச்சு பேர் மட்டும் ஷீட்ல எழுதினா வேகமா இருக்கும், ஆனா யாராவது போல்டர் பேரை மாத்தினா லிங்க் எல்லாம் அறுந்துடும்.

சாப்ட்வேர்ல ரெண்டு சாதி

காசுக்குன்னே இருக்கற சாப்ட்வேரை ரெண்டா பிரிச்சுப் பார்க்கலாம்.

ஒண்ணு, நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கறது. இதுல நம்ம மாதிரி மாணவர்களுக்கு ஏத்தது ஓப்பன் நியூமிஸ்மாட். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். உள்ளே இருக்கறது ஒரு எஸ்க்யூலைட் ஃபைல். படம் உட்பட மொத்த சேகரிப்பும் அந்த ஒரே ஃபைலுக்குள்ள உக்காந்திருக்கும், பென் டிரைவ்ல போட்டா வேலை முடிஞ்சுது. நாளைக்கு அந்த சாப்ட்வேரே நின்னு போனாலும் எஸ்க்யூலைட் தெரிஞ்ச யாரும் டேட்டாவை வெளியே எடுத்துடலாம். நமக்கு எஸ்க்யூஎல் தெரியும், அதனால இது பெரிய தைரியம்.

இன்னொண்ணு, ஆன்லைன் கேட்டலாக். நியூமிஸ்டா இதுல ரொம்பப் பிரபலம். உலகம் முழுக்க இருந்து சேகரிப்பாளர்களே சேர்ந்து கட்டினது. ஒவ்வொரு காசு வகைக்கும் ஒரு எண், படம், எடை, விட்டம், உலோகம், எந்த வருஷம் எந்த அச்சகத்துல வந்ததுன்னு எல்லாம் ரெடியா இருக்கும். நீங்க "என்கிட்ட இது இருக்கு"ன்னு ஒரு டிக் போட்டா போதும். அதாவது ஸ்டைல் ஷீட்டை ஏற்கெனவே வேற யாரோ எழுதி வெச்சுட்டாங்க, நாம பீஸ் விவரம் மட்டும் சேர்த்தா போதும். நார்மலைசேஷன் பண்ணிக் குடுத்த டேட்டாபேஸ் இது.

இதோட அருமை 10 ரூபாய் காசுல தெரியும். நம்ம ஊர்ல பல கடைக்காரங்க 10 ரூபாய் காசை வாங்க மாட்டேன்னாங்க இல்லையா? கோடு பத்து இருந்தா நல்லது, பதினஞ்சு இருந்தா கள்ளக் காசுன்னு ஒரு வதந்தி. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில தெளிவா சொன்னது: அதுவரைக்கும் 14 டிசைன்ல 10 ரூபாய் காசு வந்திருக்கு, எல்லாமே செல்லும். எக்ஸெல்ல "10 ரூபாய், 14 எண்ணம்"னு ஒரே வரியா எழுதியிருந்தா இந்த வித்தியாசமே தெரியாது. கேட்டலாக் எண்ணோட பதிஞ்சா 14 தனித்தனி வகை.

ஆராய்ச்சி உலகமும் இந்த வழியிலதான் போகுது. ரோமானியப் பேரரசுக் காசுகளுக்கு அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தற ஆன்லைன் கேட்டலாக்ல ஒவ்வொரு வகைக்கும் மாறாத ஒரு முகவரி இருக்கு. கொங்கு நாட்டுல கிடைச்ச டைபீரியஸ் காசும், வேற ஏதோ நாட்டு மியூசியத்துல இருக்கற அதே வகைக் காசும் ஒரே முகவரியில வந்து சேர்ந்துடும்.

சாப்ட்வேர் எங்கே தடுக்குது

வருஷம்னு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தா சில காசு அதுல அடங்காது. 1862னு போட்ட விக்டோரியா ரூபாய் 1862ல மட்டும் அடிச்சது இல்லை. அதே வருஷத்தைப் போட்டே 1874 வரைக்கும் அடிச்சுட்டு இருந்தாங்க. காசுல இருக்கற குட்டிக் குட்டிப் புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிப்பாங்க. அப்போ "காசுல இருக்கற வருஷம்", "உண்மையில அடிச்ச வருஷம்"னு ரெண்டு கட்டம் வேணும். திருவிதாங்கூர் காசு சிலதுல கொல்லம் ஆண்டு இருக்கும், 824 இல்லைன்னா 825 கூட்டணும். சில சமஸ்தானக் காசுல ஹிஜ்ரி ஆண்டு. அதுவும் இதே கதைதான்.

ஊர் பேரும் அப்படித்தான். ஒரு காசு தாராபுரத்துல கிடைச்சதுன்னு வெச்சுக்கங்க. 1979க்கு முன்னாடி எழுதினவர் கோயம்புத்தூர் மாவட்டம்னு எழுதுவார். அப்புறம் பெரியார் மாவட்டம், பிறகு ஈரோடு மாவட்டம், 2009ல இருந்து திருப்பூர் மாவட்டம். ஊர் நகரவே இல்லை, பேர் நாலு. சாப்ட்வேர்ல மாவட்டம்னு ஒரே கட்டம் இருந்தா பழைய சீட்டுல இருக்கறதை அழிச்சுட்டு புதுசு எழுதத் தோணும். அழிக்கக் கூடாது. பழைய சீட்டுல இருக்கறது அப்படியே ஒரு கட்டத்துல, இன்னைக்குப் பேர் இன்னொரு கட்டத்துல.

ஆன்லைன் சர்வீஸ்ல இன்னொரு கேள்வி: சைட் மூடிட்டா? காசு கட்டி வாங்கற சாப்ட்வேரும் கம்பெனி மூடினா அடுத்த விண்டோஸ்ல திறக்காம போகலாம். அதனால எந்த சாப்ட்வேரா இருந்தாலும் மொத்த டேட்டாவையும் ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. அஞ்சே அஞ்சு காசு ஏத்தி, எக்ஸ்போர்ட் பண்ணி, அந்த ஃபைலை எக்ஸெல்ல திறந்து பாருங்க. நீங்க எழுதின எல்லாமே வெளியே வந்துச்சா? தமிழ்ல எழுதினது தமிழாவே இருக்கா, கட்டம் கட்டமா வருதா? யூடிஎஃப்-8ல வந்த சிஎஸ்வியை எக்ஸெல்ல நேரா டபுள் கிளிக் பண்ணா சில நேரம் தமிழ் குப்பையா தெரியும். டேட்டா மெனுல இம்போர்ட் பண்ணி யூடிஎஃப்-8னு தேர்ந்தெடுத்தா சரியாகிடும். அப்படியும் வரலைன்னா அந்த சாப்ட்வேர் வேண்டாம்.

"நானே ஆப் எழுதறேன்" கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. மினி புராஜெக்டுக்கு அருமையான ஐடியா, தாராளமா எழுதுங்க. ஆனா வீட்டு டேட்டாவோட ஒரே பிரதியை அதுல வெக்காதீங்க. பிளேஸ்மென்ட் கிடைச்சு பெங்களூர் போன பிறகு பெரியப்பா போன் பண்ணி "தம்பி, ஆப் திறக்க மாட்டேங்குது"ன்னு சொன்னா, நீங்க எந்த மனநிலையில இருப்பீங்கன்னு இப்பவே யோசிங்க.

அப்போ எது? நாலு கேள்வி

ஒண்ணு, எத்தனை காசு? நூறு, இருநூறுன்னா ஷீட் தாராளமா போதும். 500ஐத் தாண்டினா, அதுவும் ஒரே வகையில பல காசு இருந்தா, சாப்ட்வேர் பக்கம் சாயலாம்.

ரெண்டு, எல்லாமே கேட்டலாக்ல இருக்கற காசா? சுதந்திர இந்தியக் காசு, பிரிட்டிஷ் இந்தியக் காசு, வெளிநாட்டுக் காசுன்னா ஆன்லைன் கேட்டலாக் பாதி வேலையை முடிச்சுடும். சேரர் காசு, பாளையக்காரர் காசு, தேய்ஞ்சு போன செம்புக் காசுன்னா வகை எண் கிடைக்கறது கஷ்டம். அங்கே ஷீட்டுதான் வளைஞ்சு குடுக்கும்.

மூணு, போட்டோ எவ்வளவு முக்கியம்? வெளியூர்ல இருக்கற நிபுணர்கிட்ட காட்டணும், திருட்டுப் போனா அடையாளம் சொல்லணும்னா படம் காசோடவே ஒட்டி இருக்கணும். அதுக்கு ஓப்பன் நியூமிஸ்மாட் மாதிரி ஒண்ணு நல்லது.

நாலு, நமக்கு அப்புறம் யார் பார்த்துப்பாங்க? இதுதான் மத்த மூணையும் விட முக்கியமான கேள்வி. அவங்களுக்கு எது திறக்கத் தெரியுமோ அதுல கட்டாயம் ஒரு பிரதி இருக்கணும்.

பெரியப்பா விஷயத்துல நான் எடுத்த முடிவு ரெண்டும் கலந்தது. மூலப் பிரதி கூகுள் ஷீட்ஸ்ல, ரெண்டு தாள்: ஒண்ணு வகை, இன்னொண்ணு காசு. வகைத் தாள்ல ஒவ்வொரு வரிக்கும் நியூமிஸ்டா எண். காசுத் தாள்ல அந்த எண்ணை மட்டும் போட்டா மத்த விவரம் விலுக்கப்ல தானா வந்துடும். கேட்டலாக்ல இல்லாத காசுக்கு நாங்களே "தா-1", "தா-2"ன்னு எண் குடுத்துட்டோம். படத்தோட பார்க்கறதுக்கு அதையே ஓப்பன் நியூமிஸ்மாட்ல ஏத்தியிருக்கோம். பெரியப்பாவுக்கு எதுவும் திறக்க வேண்டாம், ஏ4 தாள்ல பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டாச்சு. அவர் அதுல பேனாவால எழுதித் தர்றார், அண்ணன் அதை ஷீட்ல ஏத்தறான்.

என்னென்ன காலம் வேணும்?

குறைஞ்சபட்சம் இவ்வளவு:

1. காசு எண். ஒரு தடவை குடுத்தா மாத்தவே கூடாது. காசு வித்துப் போனாலும் அந்த எண்ணை வேற காசுக்குக் குடுக்கக் கூடாது. பிரைமரி கீ.
2. வகை எண்.
3. ஊர்ப் பேர்: காலணா, தம்பிடி, எட்டணா.
4. காசுல இருக்கற வருஷம், எழுதியிருக்கற மாதிரியே.
5. அச்சகக் குறி. இப்போதைய இந்தியக் காசுல வருஷத்துக்குக் கீழே பாருங்க: வைரக் கட்டம் இருந்தா மும்பை, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், புள்ளி இருந்தா நொய்டா, எதுவுமே இல்லைன்னா கொல்கத்தா. "குறி இல்லை"ன்னு எழுதுங்க, காலியா விடாதீங்க. காலியா விட்டா "பார்க்கலை"ன்னு அர்த்தம். கொல்கத்தா காசுக்கும் பார்க்காத காசுக்கும் வித்தியாசம் தெரியணும்.
6. எடை. 0.01 கிராம் காட்டற சின்னத் தராசு போதும். வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்கணும். தேய்ஞ்சு கொஞ்சம் குறையலாம், கூட இருந்தா சந்தேகப்படுங்க.
7. தரம், டிராப்டவுன்ல.
8. குறை, வெட்டு, ஓட்டை, வளையம். தாலியிலயோ காசு மாலையிலயோ கோத்ததுக்குப் பத்த வெச்ச அடையாளம் இருந்தா அதுவும் வரலாறு. புதுக்கோட்டை வெட்டுக் கோட்டை மறந்துடாதீங்க.
9. யார் குடுத்தது, எப்போ, எங்கே.
10. எங்கே வெச்சிருக்கு: டப்பா எண், பக்கம்.

ஒன்பதாவது காலத்தைத்தான் முதல்ல நிரப்பணும். மத்த ஒன்பதும் காசைப் பார்த்து எப்ப வேணா எழுதிக்கலாம். இது ஒண்ணு மட்டும் ஒரு மனுஷன் ஞாபகத்துல இருக்கு. நாங்க பெரியப்பாவை உக்கார வெச்சு மொபைல்ல ரெக்கார்ட் பண்ணோம், ஒரு நாளைக்கு நாப்பது காசு. ஒரு 1835 ரூபாயைக் கையில வெச்சுக்கிட்டு, அதைக் குடுத்த நூல் மில் கணக்குப் பிள்ளையைப் பத்தி கால் மணி நேரம் பேசினார். ஷீட்ல அது ஒரே ஒரு செல். ஆடியோ ஃபைல் பேரையும் பக்கத்துல போட்டுட்டோம்.

வெளியே சொல்றதுக்கு முன்னாடி

காசு எண்ணைக் காசு மேல எழுதாதீங்க, உறை மேல எழுதுங்க. பிவிசி பிளாஸ்டிக் உறை நாளாவட்டத்துல காசுல பச்சைப் பிசுக்கு படிய வெக்கும், அட்டை ஹோல்டர் நல்லது. புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீங்க. பளபளன்னு ஆகும், சேகரிப்பாளர் பார்வையில மதிப்பு போயிடும்.

லிஸ்ட் போட ஆரம்பிச்சதும் சில காசுக்கு எந்தக் கேட்டலாக்லயும் இடம் இருக்காது. ராமர் பட்டாபிஷேகம் போட்டு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818, அரையணா"ன்னு எழுதின செம்புக் காசை நிறைய வீட்டுல சாமி ரூம்ல பார்க்கலாம். கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிடவே இல்லை, பின்னாடி யாரோ அடிச்சு வித்தது. பூஜையில இருக்கட்டும், லட்ச ரூபாய் பெறும்னு மட்டும் நம்ப வேண்டாம். பழைய காசுக்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல "வரி" கட்டுங்கன்னு ஆன்லைன்ல வர்றவங்களைப் பத்தி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிக்கை விட்டது. தங்கள் பேரைச் சொல்லி கமிஷன் கேட்டா நம்பாதீங்கன்னு. வீட்டுப் பெரியவங்களுக்கு இதைச் சொல்லி வைங்க.

சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். மண்ணுக்குள்ள இருந்து புதையலா கிடைச்சு அதோட மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனா, 1878ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972ம் வருஷத்துச் சட்டப்படி தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஃபாரின்ல இருக்கற சொந்தக்காரருக்கு கிஃப்ட்டா குடுத்து விடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

ஷீட்டை யார் லிங்க் வெச்சிருந்தாலும் பார்க்கலாம்னு ஷேர் பண்ணாதீங்க. பத்தாவது காலம் திருடனுக்கு மேப். வெளியே காட்டற பிரதியில அதையும் வீட்டு முகவரியையும் எடுத்துடுங்க. ஒரு பிரதி ஆன்லைன்ல, ஒண்ணு பென் டிரைவ்ல, ஒண்ணு வேற வீட்டுல. இதுல எந்த மாற்றமும் இல்லை.

எடைக்குப் போடற பேச்சு வீட்டுல இப்போ இல்லை. ஸ்பைரல் புத்தகம் வந்த பிறகு அண்ணன் பொண்ணு, ஆறாவது படிக்கிறவ, கா-112 எங்கேன்னு கேட்டு எடுத்துப் பார்க்கறா. அது எக்ஸெல்லால நடந்ததா சாப்ட்வேரால நடந்ததான்னு கேட்டா, ரெண்டுமே இல்லை, ஒன்பதாவது காலத்தாலன்னுதான் சொல்வேன். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ லேப்டாப்போட ஒரு சின்னத் தராசும் எடுத்துட்டுப் போங்க. சாப்ட்வேர் எதுன்னு பஸ்ல யோசிச்சுக்கலாம். டப்பாவைத் திறந்து பக்கத்துல உக்கார ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க.